கீழாநெல்லி எழுப்பிய மூன்று வினாக்கள்

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நான் வளர்ந்த காலத்தில், ஐப்பசி மழை ஓய்ந்து வயல் வரப்புகளில் புல்லும் பூண்டும் தழைத்துக் கிடக்கும் நாட்களில், எங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ யாருக்கேனும் கண் மஞ்சளித்துச் சோறு கசந்துபோனால், என் பாட்டி முதலில் ஒரு சோதனை செய்து பார்ப்பாள். நோயாளியின் சிறுநீரில் ஒரு பிடி சோற்றைப் போட்டு வைத்து, பருக்கைகள் மஞ்சள் பாரித்து வந்தால் காமாலைதான் என்று நிச்சயித்துக்கொண்டு, அதன் பின்பே என்னை வரப்புக்கு அனுப்புவாள். "வேரோட புடுங்கிக்கிட்டு வா தம்பி. கொத்தைத் திருப்பிப் பாரு; அடியில காய் வரிசையா இருந்தாத்தான் அது கீழாநெல்லி" என்று ஒவ்வொரு முறையும், புதிதாகச் சொல்வதுபோலச் சொல்லுவாள். நான் கொண்டுவந்த செடியை அலசி, வேர், தண்டு, இலை, காய் அனைத்தையும் சமூலமாக அம்மியில் வைத்து அரைத்து, நெல்லிக்காயளவு உருட்டி எடுத்து, மோரில் கலக்கி, விடியற்காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பாள். உப்பு, புளி, எண்ணெய் மூன்றையும் நீக்கிய பத்தியம் அதனோடு சேர்ந்தது. இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலோருக்குக் கண் தெளிந்துவிடும்.

கண் தெளிந்தது என்பதில் ஐயமில்லை. அதை நானே பார்த்திருக்கிறேன். எதனால் தெளிந்தது என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம். பாரம்பரிய மூலிகைகளில் வைரஸை எதிர்க்கும் பொருள்கள் உளவா என்று உலகெங்கும் நடந்த தேடலில் தமிழ்நாட்டின் வரப்போரச் செடியான இக்கீழாநெல்லி பெற்ற இடம் மிகவும் முக்கியமானது. அது அடைந்த புகழும், அப்புகழுக்கு நேர்ந்த வீழ்ச்சியும், இத்தகைய ஆராய்ச்சி எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதற்குப் பாடமாக அமைந்தவை. முன்னோர் அறியாதது ஒன்றுமில்லை என்று பெருமிதங்கொள்வோரும், மூலிகை என்றாலே மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோரும், தம்முள் எவ்வளவுதான் மாறுபட்டாலும், அச்செடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதில்லை என்ற ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றனர். திருப்பிப் பார்ப்போமாயின், எந்தச் செடி, எந்த நோய், எந்தப் பொருள் என்னும் மூன்று வினாக்கள் நம்மை எதிர்நோக்கும். அவற்றுக்கு விடை காணாமல் எந்த மூலிகையையும் மருந்தென்று கொள்ளவும் இயலாது, தள்ளவும் இயலாது என்பதே என் கருத்து.

பிலடெல்பியாவும் சென்னையும்

அமெரிக்க மருத்துவ விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க், பல்வேறு மக்களினங்களின் இரத்தத்தில் உள்ள வேறுபாடுகளை ஆராய்ந்து வந்தபோது, ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் அதுவரை அறியப்படாத புரதம் ஒன்றைக் கண்டு, 1965-இல் அதனை உலகுக்கு அறிவித்தார். அது 'பி' வகைக் கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் வைரஸின் மேலுறைப் புரதம் என்பது பிற்பாடு தெளிவாயிற்று. அக்கண்டுபிடிப்பின் பயனாக இரத்ததானத்தில் நோய் பரவுவதைத் தடுக்கும் பரிசோதனையும், பின்னர்த் தடுப்பூசியும் தோன்றின. 1976-இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் ஏற்கெனவே வைரஸைத் தம் உடலில் தாங்கிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கானோருக்குத் தடுப்பூசியால் பிரயோஜனம் இல்லை. அவர்களுக்கு மருந்து வேண்டும் என்ற கவலையே, பிலடெல்பியா நகரத்து ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த அவரையும் அவருடைய சகாக்களையும், உலக மக்கள் காமாலைக்குப் பயன்படுத்தி வந்த மூலிகைகளின்பால் திருப்பிற்று.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே சென்னையில் இத்திசையில் முதல் அடி எடுத்து வைக்கப்பட்டுவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் அறிஞர் எஸ். பி. தியாகராஜனும் அவருடன் பணியாற்றியோரும், கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி ஆகிய இரண்டின் சாறுகள் 'பி' வைரஸின் மேலுறைப் புரதத்தைச் சோதனைக் குழாயில் செயலிழக்கச் செய்வதை 1982-இல் வெளியிட்டனர். காமாலைக்கு நம் வைத்தியர்கள் முதன்மையாகக் கொண்டாடும் இரு மூலிகைகளும் அச்சோதனையில் இடம்பெற்றது, மரபறிவை ஆய்வுக்கூடத்தின் வாயில்வரை கொண்டுவந்து நிறுத்திய செயலாகும்.

1987-இல் வேங்கடேஸ்வரன், மில்மன், பிளம்பெர்க் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் இதழில் வந்தது. கீழாநெல்லியின் நீர்ச்சாறு, வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்வதற்கு இன்றியமையாத டி.என்.ஏ. பாலிமெரேஸ் என்னும் நொதியைத் தடுப்பதாக அவர்கள் கண்டனர். மனிதரைத் தாக்கும் வைரஸுக்கு மிகவும் நெருங்கிய உறவான வேறொரு வைரஸ், வட அமெரிக்காவில் வளை தோண்டி வாழும் வுட்சக் என்னும் அணிற்குலத்துப் பிராணியைத் தாக்குவது உண்டு. அப்பிராணிகளுள் புதிதாக நோய் கண்ட நான்கிற்குச் சாற்றை வயிற்றறையினுள் ஊசிவழிச் செலுத்தியபோது மூன்றில் வைரஸின் அடையாளங்கள் 3 முதல் 6 வாரங்களில் மறைந்தன. மருந்தை நிறுத்திய பின்பும் 45 வாரங்களுக்கு மேல் அவை திரும்பவில்லை. நெடுங்காலமாக நோயைத் தாங்கி வந்த பிராணிகளிடத்தில் மட்டும் பலன் இவ்வளவு தெளிவாக இல்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினர்.

அடுத்த ஆண்டில், அதாவது 1988-இல், தியாகராஜனும் பிளம்பெர்க்கும் அவர்தம் குழுவினரும் லான்செட் சஞ்சிகையில் வெளியிட்ட முடிவு உலகத்தின் கவனத்தை ஒருங்கே ஈர்த்தது. வைரஸைத் தாங்கிக்கொண்டிருந்தோருக்குச் செடியின் உலர்ந்த பொடியை வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாட்கள் கொடுத்ததில், 37 பேரில் 22 பேருடைய இரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. மருந்தற்ற வெறும் பொடியை உண்ட 23 பேரில் ஒருவருக்கே அது நேர்ந்தது. நெடுநாள் தாங்கிகளிடத்தில் அப்புரதம் தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் இருவருக்குத்தான் என்பதை நினைவிற்கொண்டால், நூற்றுக்கு 59 பேர் என்னும் கணக்கு எத்தகைய வியப்பை உண்டாக்கியிருக்கும் என்பதை உணரலாம். தம் சோதனை ஆரம்பநிலையது என்றும், மேலும் ஆராய வேண்டும் என்றும் அவர்களே எழுதியிருந்தனர். நம் நாட்டிலோ, கீழாநெல்லி மாத்திரைகளும் பொடிகளும் கடைகளில் அடுக்கப்பட்டன.

மேலும் ஆராய்ந்தோர் கண்டது வேறாக இருந்தது. 1990-இல் தாய்லாந்திலிருந்தும், அடுத்த சில ஆண்டுகளில் நெதர்லாந்திலிருந்தும் நியூஸிலாந்திலிருந்தும், அப்பலன் தமக்குக் கிட்டவில்லை என்ற அறிக்கைகள் வந்தன. திடீரெனக் காணும் வைரஸ் காமாலையில் கீழாநெல்லிப் பொடியைக் கொடுத்துப் பார்த்து 1999-இல் கேரளத்திலிருந்து வெளியான சோதனையில், நோயின் காலம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. 2011-இல், மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, 16 சோதனைகளை ஒருங்கே பரிசீலித்து, வெறும் பொடியைக் காட்டிலும் இச்செடியினம் மேலானது என்று நம்பத்தக்க ஆதாரம் கிட்டவில்லை என்று முடித்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் மலையாக எழுந்த நம்பிக்கை இவ்வாறு தாழ்ந்ததற்குக் காரணம் யாது? இங்கேதான் நம் முதல் வினா பிறக்கிறது.

எந்தச் செடி?

பிலடெல்பியா ஆய்வாளர் 1987-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பில் இச்செடியின் பெயர் ஃபில்லாந்தஸ் நிரூரி; 1988-இல் சென்னைச் சோதனையைப் பற்றிய கட்டுரையில் ஃபில்லாந்தஸ் அமாரஸ். ஓராண்டுக்குள் பெயர் மாறியது அச்சுப்பிழையால் அன்று. நிரூரி என்னும் பெயரை லின்னேயஸ் 1753-இல் சூட்டினார். இந்தியத் தாவர நூல்கள் நெடுங்காலம் நம் கீழாநெல்லியை அப்பெயராலேயே வழங்கி வந்தன. இவ்வினத்தை விரிவாக ஆராய்ந்த அமெரிக்கத் தாவரவியலார் கிராடி வெப்ஸ்டர், உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடியென்றும், நம் நாட்டில் அப்பெயரால் குறிக்கப்படுவது அமாரஸ் முதலிய வேறு இனங்கள் என்றும் 1950களில் தெளிவுபடுத்தினார். ஆயினும் மருத்துவ நூல்களும் மூலிகை வியாபாரமும் பழைய பெயரை விடவில்லை.

ஒரு கொத்தைக் கையிலெடுத்துப் பார்ப்போம். ஒரு சாண், இரண்டு சாண் உயரத்துத் தண்டிலிருந்து பக்கத்துக்கொன்றாகக் கிளைக்கும் மெல்லிய சிறு காம்புகளில், புளியிலையை நினைவூட்டும் சின்னஞ்சிறு இலைகள் இருபுறமும் அணிவகுத்து நிற்கும். கொத்தைத் திருப்பினால், கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் முத்துக் கோத்ததுபோல் அடிப்பக்கத்தே வரிசையாகத் தொங்கும். கீழ்க்காய் நெல்லி என்ற பெயர் இதனாலேயே வந்தது. கிரேக்க மொழியில் ஃபில்லாந்தஸ் என்பதற்கு இலைப்பூ என்று பொருள்; தமிழனும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டவனும் ஒரே இலையின் அடியைத்தான் பார்த்திருக்கின்றனர். ஆனால் இத்தோற்றம் ஒரு செடிக்கு மட்டும் உரியதன்று. அதே வரப்பில், அதே மழையில் முளைத்து, அதே போலக் காய்க்கும் உடன்பிறப்புகள் பல உள. உருப்பெருக்காடியால் பூவை நோக்கினால் அமாரஸுக்குப் புல்லிதழ் ஐந்து, ஃபிராடெர்னஸ் என்னும் இனத்துக்கு ஆறு; யூரினாரியா என்பதன் காயைத் தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும். பறிப்பவர் கைக்கும், கூடைக்கும், மூட்டைக்கும் இவையெல்லாம் கீழாநெல்லியே.

இதனினும் ஆழமான ஒரு சிக்கலும் உண்டு. அமாரஸின் பூர்விகம் அமெரிக்க வெப்பமண்டலமாக இருக்கலாம் என்று தாவர அறிஞர் பலர் கருதுகின்றனர். அங்ஙனமாயின், பூம்யாமலகி என்று வடமொழி மருத்துவ நூல்களும் கீழாநெல்லி என்று நம் சித்தர் மரபும் ஆதியில் குறித்தது அதன் உடன்பிறப்புகளுள் வேறொன்றாக இருத்தல் கூடும். சென்னையில் ஒரு பருவத்தில் பறித்த செடியும், வேறு தேசத்தில் வேறு பருவத்தில் பறித்த செடியும் ஒரே பெயரைத் தாங்கியிருப்பதனாலேயே ஒரே மருந்தாகிவிடா. ஆகவே தாய்லாந்தின் தோல்வியும் சென்னையின் வெற்றியும் ஒரே பொருளைப் பற்றிய இரு தீர்ப்புகளா, அல்லது இரு பொருள்களைப் பற்றிய இரு தீர்ப்புகளா என்பதுகூட அக்காலத்தில் எளிதில் சொல்லத்தக்கதாக இருக்கவில்லை.

பெயர் மயக்கம் ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு ஐரோப்பாவில் நேர்ந்த துயரம் சாட்சி. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை உண்ட பெண்களுக்கு, பெயர் ஒற்றுமையால் ஒரு மூலிகைக்குப் பதிலாக ஆடுதீண்டாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த வேறொன்று கலந்து கொடுக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதுற்றன. செடியை இன்னதென்று அறிவது மருத்துவத்துக்கு முந்திய சடங்கு என்று எண்ணுதல் தவறு. மருத்துவம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

எந்த நோய்?

காமாலை என்பது நோயின் பெயர் என்று நாம் வழங்குகிறோம். நவீன வைத்தியத்தின் கண்ணில் அது ஓர் அடையாளம். பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருளைக் கல்லீரல் வெளியேற்ற இயலாமற்போனாலும், வெளியேறும் வழி அடைபட்டாலும், அது இரத்தத்தில் மிகுந்து கண்ணிலும் தோலிலும் படிகிறது, சிறுநீரிலும் இறங்குகிறது. என் பாட்டியின் சோற்றுப்பருக்கையை மஞ்சளாக்கியது இப்பொருளே. அவ்வகையில் அவளுடைய சோதனை பிழையற்றது. ஆனால் அசுத்த நீரால் பரவும் 'ஏ', 'இ' வைரஸ்களாலும், இரத்தத்தால் பரவும் 'பி', 'சி' வைரஸ்களாலும், எலிக்காய்ச்சலாலும், மதுவாலும், பித்தநாளத்தில் சிக்கிய கல்லாலும், கணையத்துப் புற்றுநோயாலும் அதே மஞ்சள் தோன்றும். பருக்கை இவற்றைப் பிரித்துக் காட்டாது.

நாட்டில் மழைக்காலத்தில் காணும் காமாலைகளில் பெரும்பாலானவை நீரால் வரும் 'ஏ', 'இ' வகையின. இவை கர்ப்பிணிகளிடத்தும் வேறு சிலரிடத்தும் கொடுமையாகத் திரும்புவது உண்டெனினும், மிகுதியானோருக்குச் சில வாரங்களில் தாமாகவே நீங்கிவிடும். வயது வந்தோருக்குப் புதிதாகத் தொற்றும் 'பி' வைரஸும் நூற்றுக்கு 95 பேருக்குமேல் தானே அகல்கிறது. ஆகவே அக்காலத்தில் எந்த மருந்தைக் கொடுத்தாலும், கொடாமலேயிருந்தாலும், கண் தெளிவதே இயல்பு. இதைச் சொல்வதனால் பாட்டியின் அன்பும் உழைப்பும் குறைந்துபோகா; ஓய்வும், எளிய உணவும், மதுவிலக்கும் அடங்கிய பத்தியம், வாடிய கல்லீரலுக்கு நன்மை செய்திருக்கவும் கூடும். ஆனால் செடியின் வீரியத்துக்கு அத்தெளிவு நிரூபணம் ஆகாது. எங்கள் தெருவிலேயே ஒருவர் ஆறு வாரம் கீழாநெல்லி உண்டும் கண் தெளியாமல், நகரத்து ஆஸ்பத்திரியில் பித்தநாளக் கல் என்று கண்டுபிடிக்கப்பட்டு, உடல் உருக்குலைந்த நிலையில் அறுவை சிகிச்சை பெற்றுத் திரும்பினார். அந்த ஆறு வாரத்துக்கும் அவருக்குக் கடன்பட்டவர் நாம்.

'பி' வைரஸைப் பொறுத்தவரை உண்மையான ஆபத்து மஞ்சள் தோன்றாத இடத்தில் இருக்கிறது. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றுப் பெறும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரை அதை ஆயுள்முழுதும் தாங்குவோராகிறார்கள். அவர்களுக்குக் கண் மஞ்சளிப்பதில்லை, பசி குன்றுவதில்லை. பல பத்தாண்டுகள் கழித்துக் கல்லீரல் இறுகியோ புற்று வைத்தோ நோய் வெளிப்படும். 2022-ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி இத்தகைய தாங்கிகள் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர். அவ்வோராண்டில் இறந்தோர் 11 லட்சம். இவர்களுடைய நிலைக்கு நம் மரபில் பெயரே கிடையாது. கண்ணுக்கும் நாடிக்கும் புலப்படாததற்குப் பெயரிட எவராலும் இயலாது. லான்செட் சோதனை கீழாநெல்லியிடம் கேட்டது இத்தாங்கிகளைப் பற்றி. மரபு கீழாநெல்லியைப் பரிந்துரைத்தது மஞ்சளித்த நோயாளிக்கு. பச்சைச் செடியை அரைத்து மோரில் கொடுத்த மரபுக்கும், உலர்ந்த பொடியை உறையிலிட்டுக் கொடுத்த சோதனைக்கும் இடையே மருந்தின் உருவமும் மாறிவிட்டது. எனவே சோதனையின் வெற்றி மரபின் வெற்றியும் அன்று, அதன் தோல்வி மரபின் தோல்வியும் அன்று. மரபு பதில் சொல்லியிராத ஒரு வினாவை அதனிடம் கேட்டுவிட்டு, பதில் சரி என்று முதலில் கொண்டாடியும், தவறு என்று பிறகு தூற்றியும் வந்திருக்கிறோம்.

எந்தப் பொருள்?

ஒரு செடியில் நூற்றுக்கணக்கான இரசாயனப் பொருள்கள் உள. கீழாநெல்லியில் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்னும் லிக்னான் வகைப் பொருள்களும், ஜெரானியின், கொரிலாஜின் என்னும் டானின் வகைப் பொருள்களும் குறிப்பிடத்தக்கவை. சோதனைக் குழாயில் வைரஸின் நொதியைத் தடுப்பவை இவற்றுள் எவை என்று பார்க்கும்போது, டானின்கள் முன்னே வந்து நிற்கின்றன.

டானின் யாதென்று தமிழ்நாட்டுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த தொட்டியில் ஆட்டுத்தோலை அமிழ்த்தி, அழுகும் தோலை அழியாத தோலாக்கும் தொழில் நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது. அங்கே தோலின் புரதத்தை இறுகப் பற்றிப் பிணைப்பது டானினே. கடுக்காயைக் கடித்தால் நாவு இழுத்துப் பிடிப்பதும், உமிழ்நீரின் புரதத்தை டானின் பற்றிக்கொள்வதனாலேயே. இத்தகைய பொருள் சோதனைக் குழாயில் ஒரு நொதியைச் சந்தித்தால் அதையும் பற்றத்தான் செய்யும். அது வைரஸின் நொதியாயினும், மனிதனின் நொதியாயினும், அதற்கு வேற்றுமை தெரியாது. வைரஸின் மேலுறைப் புரதத்தைப் பற்றினாலும் அவ்வாறே. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தார் 1980களின் பிற்பகுதியில் எய்ட்ஸ் வைரஸுக்கு எதிராகப் பல்லாயிரம் தாவரச் சாறுகளைச் சோதித்தபோது, நீர்ச்சாறுகளில் பலவும் வைரஸைத் தடுப்பனபோலத் தோன்றக் கண்டு ஆராய்ந்ததில், டானின்களும் கந்தகமேறிய சர்க்கரைப் பிணையல்களுமே பெரும்பாலும் அதற்குக் காரணம் என்று தெரிந்தது. ஆகவே சோதனைக்கு முன்னரே அவற்றைப் பிரித்து நீக்கும் முறையை வகுத்துக்கொண்டனர்.

உண்ட டானின் கல்லீரலைச் சென்றடைவதும் எளிதன்று. ஜெரானியின் போன்றவை குடலிலேயே உடைந்து எல்லாஜிக் அமிலமாகி, அதனையும் அங்குள்ள நுண்ணுயிர்கள் வேறு பொருள்களாக மாற்றிவிடுகின்றன. குழாயில் வைரஸைத் தடுத்த பொருள் வேறு, இரத்தத்தில் ஓடும் பொருள் வேறு என்றாகிறது. வுட்சக் பிராணிக்கு ஊசிவழிச் செலுத்திய சாறு குடலைத் தாண்டிவிட்டது. மனிதர் வாய்வழி உண்ட பொடி தாண்ட வேண்டியிருந்தது. இதனால்தான் ஆய்வாளர் ஒரு பொருளை வைரஸெதிர்ப் பொருளென்று ஒப்புக்கொள்ளுமுன் இரண்டு அளவுகளைக் கேட்கின்றனர்: வைரஸின் பெருக்கத்தைப் பாதியாக்க எவ்வளவு வேண்டும், அது வாழும் செல்களில் பாதியைக் கொல்ல எவ்வளவு வேண்டும் என்பன அவை. இரண்டுக்கும் இடைவெளி அகலமாக இருந்தாலன்றி அது மருந்தாகாது. சலவைக்காரமும் வைரஸைக் கொல்லும்.

இவ்வளவும் சொன்ன பின், நியாயம் கருதி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1990களின் நடுவில் தியாகராஜனும் பங்குகொண்ட அமெரிக்க ஆய்வுக்கூடப் பணிகள், கீழாநெல்லிச் சாறு நொதியைத் தடுப்பதோடு நில்லாமல், கல்லீரல் செல்லினுள் வைரஸின் மரபுச் செய்தி படியெடுக்கப்படுவதையே குறைப்பதாகக் கண்டன. இது வெறும் பற்றுதலால் விளங்காத செயல். ஆகவே இச்செடியில் ஒன்றுமில்லை என்று யாரும் முத்திரை குத்திவிடவில்லை. ஆனால் 'பி' வைரஸ், சுமார் 3,200 எழுத்துகளே கொண்ட தன் சிறிய மரபிழையைக் கல்லீரல் செல்லின் உட்கருவில் மூடிய வளையமாக்கி ஒளித்து வைத்துக்கொள்கிறது; இன்று பயன்படும் என்டெகாவிர், டெனோஃபோவிர் முதலிய வலிய மருந்துகளும் அவ்வளையத்தை அழிக்க வல்லன அல்ல, அதன் பெருக்கத்தை அடக்கவே வல்லன. முப்பது நாள் பொடி அதனைச் சாதித்ததாகக் கொள்வதற்கு மிக உறுதியான பிரமாணம் வேண்டும். அப்பிரமாணம் இதுவரை வரவில்லை.

சமோவாத் தீவின் படிப்பினை

மூன்று வினாக்களுக்கும் விடை கண்டு சென்ற ஒரு தேடலைப் பார்ப்பது இங்கே பயன் தரும். பசிபிக் பெருங்கடலில் சமோவாத் தீவின் ஃபலேயாலுப்போ கிராமத்தில், அமெரிக்கத் தாவரவியலார் பால் காக்ஸ் 1980களில் வைத்தியப் பெண்களிடம் பாடம் கேட்டார். அவர்கள் மமாலா என்னும் மரத்தின் தண்டை ஊறவைத்த நீரைக் கொடுத்து வந்தது, வியக்கத்தக்க வகையில், காமாலைக்கே. அம்மரம் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது, நம் கீழாநெல்லியும் அண்மைக்காலம்வரை அக்குடும்பத்திலேயே வைத்து எண்ணப்பட்டது. மமாலாவில் இரண்டு வகை உண்டு, ஒன்றுதான் மருந்துக்கு ஆகும், அதிலும் இன்ன பருமனுள்ள மரமே வேண்டும் என்று அப்பெண்கள் வற்புறுத்தினர். காக்ஸ் அவ்வாறே சேகரித்தார். தேசியப் புற்றுநோய் நிலையத்தார் அதிலிருந்து புரோஸ்டிராடின் என்னும் தனிப்பொருளைப் பிரித்தெடுத்து 1992-இல் வெளியிட்டனர். அது எய்ட்ஸ் வைரஸினின்று செல்களைக் காப்பதோடு, மருந்துக்கு அகப்படாமல் செல்லுக்குள் உறங்கிக் கிடக்கும் வைரஸை எழுப்பி வெளிக்கொணரவும் வல்லதாக இருந்தது. காமாலைக்கு மருந்தென்று மரபு காட்டிய மரம், மரபு கேள்விப்பட்டேயிராத வேறொரு நோயின் ஆராய்ச்சிக்கு ஒரு கருவியைத் தந்தது. அதுவும் இன்னும் மருந்தாகிக் கடைக்கு வரவில்லை என்பதை மறத்தலாகாது.

தாவரத்திலிருந்து வைரஸ் நோய்க்கு மருந்து வருவதே இல்லையா எனின், வந்திருக்கிறது. 2006-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தாவரச் சாற்று மருந்துகளுக்கென வகுத்த நெறியின்கீழ் முதன்முதலாக அனுமதித்தது, பாப்பிலோமா வைரஸால் தோன்றும் மருக்களுக்குப் பூசும், பசுந்தேயிலைச் சாற்றால் ஆன களிம்பே. நம் பிரியாணியில் இடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுத்த ஷிகிமிக் அமிலம், இன்ஃப்ளுவென்ஸாவுக்கான ஓசெல்டாமிவிர் மருந்தைச் செய்ய மூலப்பொருளாயிற்று. ஆனால் அன்னாசிப்பூக் கஷாயம் அம்மருந்தாகாது, ஏனெனில் அவ்வமிலம் பல இரசாயன மாற்றங்களுக்கு உட்பட்ட பின்பே மருந்தின் உருவைப் பெறுகிறது. மேலே பூசும் களிம்பில் குடலையும் கல்லீரலையும் தாண்ட வேண்டிய தொல்லை இல்லாமையால், தேயிலை வென்ற இடத்தில் வாய்வழி உண்ணும் மூலிகைகள் பல தோற்றன என்பதும் சிந்திக்கத்தக்கது.

சமோவாவின் கதையில் நீதி பற்றிய ஒரு பகுதியும் உண்டு. புரோஸ்டிராடினால் வருவாய் வருமாயின் அதில் 20 சதவீதம் சமோவாவுக்கு என்று 2001-இல் ஓர் ஆராய்ச்சி அமைப்பும், மரபணு வழி ஆதாயத்தில் சரிபாதி என்று 2004-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் உடன்படிக்கை செய்தன. கீழாநெல்லி ஆராய்ச்சி நடந்த காலம் வேறு; அச்சாற்றைக் கல்லீரல் அழற்சிக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1987-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டபோது, அம்மியில் அரைத்த பாட்டிமார்களின் பங்கைப் பற்றிப் பேச ஒரு சட்டமும் இல்லை. 1992-இல் ரியோ நகரத்தில் கையெழுத்தான உயிரினப் பன்மை உடன்படிக்கையும், 2002-இல் இந்தியா இயற்றிய சட்டமும் அக்குறையை ஓரளவு நீக்க எழுந்தவை. அறிவைத் தந்தவருக்குரியதைத் தருவது நாகரிகம். ஆனால் அதனினும் பெரிய மரியாதை, அவ்வறிவை உரைகல்லில் உரசிப் பார்ப்பதாகும்.

செய்யவேண்டுவன

இனி இத்துறையில் இறங்கும் நம் இளைஞர், செடியை எங்கே, எந்த மாதத்தில் பறித்தார் என்பதையும், அதே செடியின் உலர்ந்த மாதிரியைத் தாவரச் சேகரத்தில் எண்ணிட்டு வைத்ததையும் குறிக்காமல் ஒரு வரியும் எழுதலாகாது. தானே நீங்கும் நோயில் சோதிப்பதாயின், மருந்தற்ற குழுவை அருகில் வைத்து ஒப்பிடாமல் முடிவுரைக்கலாகாது. குழாயில் கண்ட பொருள் குடலையும் இரத்தத்தையும் கடந்து என்னவாகிறது என்று தொடர்ந்து சென்று பாராமல் அதற்கு மருந்தென்று பெயரிடலாகாது. தோல்வியுற்ற சோதனையையும் வெற்றியைப் போலவே வெளியிட வேண்டும். கீழாநெல்லியைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் பாதி, தோற்றதைத் தோற்றதென்று எழுதியவர்களால் கிடைத்தது. அதுவரையில், கண் மஞ்சளித்தவர் எவராயினும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும், பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் 'பி' தடுப்பூசி போடுவதும் நம் கடமை. பிளம்பெர்க்கின் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த அத்தடுப்பூசி 2011 முதல் நாடெங்கும் அரசுத் திட்டத்தில் அடங்கி, இலவசமாகக் கிடைக்கிறது.

சென்ற ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தபோது, வாய்க்கால் வரப்பில் கீழாநெல்லி முன்போலவே தழைத்திருந்தது. ஒரு கொத்தைப் பறித்துத் திருப்பிப் பார்த்தேன். காய்கள் அடியில் வரிசையாக இருந்தன. இத்தனை ஆண்டுகளுக்குப் பின், சட்டைப்பையிலிருந்து உருப்பெருக்காடியை எடுத்து, காய்க்கு அருகில் மலர்ந்திருந்த, ஊசிமுனையளவே உள்ள பூ ஒன்றின் இதழ்களை எண்ணினேன். ஐந்து இருந்தன. பாட்டி கற்பித்த முதற் பாடத்துக்கு அடுத்த பாடம் அது என்று தோன்றிற்று; அவள் இருந்திருந்தால் எண்ணச் சொல்லித்தான் அனுப்பியிருப்பாள்.